பிணம் பேசக் கூடாது

இதில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஏழுமலை அண்ணன் தன் டீக்கடையில் வைத்துச் சொல்லக் கேட்டதுதான். சம்பவம் நடந்தபோது அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவர். கட்டிலில் படுத்திருந்தவர் ரிட்டயர்டு ஹவில்தார் சற்குணம். நின்றவருக்குப் படுத்தவரின் மண்டைக்குள் ஓடியது எப்படித் தெரியும் என்று நானும் கேட்டேன். மறுநாள் சர்ச் முடிந்து வரும் வழியில் சற்குணமே ஒன்றுவிடாமல் சொன்னாராம். நான் எதையும் கூட்டவில்லை. கூடியிருந்தால் அது என்னிடம் வருவதற்கு முன்பே கூடியது.

மூக்கின் இடது பக்கம் அரித்தது. செத்தவனுக்கு மூக்கு அரிக்காது, அரித்தாலும் கை போகக் கூடாது, பிணம் இருமக் கூடாது, பிணம் பேசக் கூடாது, யார் எதைத் தப்பாகச் செய்தாலும் பிணம் எழுந்து திருத்தக் கூடாது என்று காலையில் அவரே எல்லோருக்கும் முன்னால் போட்ட உத்தரவு இப்போது அவர் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. உத்தரவா, ஈயா? ஈதான். இல்லை, ஈ காதுப் பக்கம் போய்விட்டது, இது வெறும் அரிப்பு. கூடத்து நாடாக் கட்டிலில் மல்லாந்து, கண்ணை மூடி, கழுத்துவரை ரோஜாப்பூப் போட்ட போர்வையோடு சற்குணம் கிடந்தார். அந்தப் போர்வைதான் இன்றைக்குத் தேசியக் கொடி. நிஜக் கொடி பீரோவில் இருக்கிறது. அதைச் சாவு ஒத்திகைக்கு எடுப்பது கொடிக்கு அவமரியாதை என்று சொல்லிவிட்டார். காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும், போர்வையில் காவிக்கு எங்கே போவது, அதனால் ஒரு ஓரத்தில் முடிச்சுப் போட்டு, முடிச்சு இருக்கிற பக்கம் தலைப்பக்கம், முடிச்சு இருக்கிற பக்கம் தலைப்பக்கம் என்று தொண்டை வறளச் சொன்னார். அந்த முடிச்சு இப்போது எங்கே? கால் கட்டைவிரலில் தட்டுகிறது. தலைகீழாகப் போர்த்தியிருக்கிறார்கள். எழுந்து நாலு கேள்வி கேட்கலாம் என்றால் செத்துக் கிடக்கிறார். இதற்குத்தான் ரிகர்சல். பட்டாளத்தில் ரிகர்சல் இல்லாமல் எது நடந்தது? ஜெனரல் வருகிறார் என்றால் அதற்கு முன்பே ஜெனரல் மாதிரி ஒருவன் வருவான். கம்பெனியில் உயரமாக, மூக்கும் முழியுமாக இருக்கிற எவனையாவது பிடித்து ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அவன் இறங்குவான், வரிசையாக எல்லோரும் விறைப்பாகச் சல்யூட் அடிப்பார்கள், தாம்பாளத்தில் கத்தரிக்கோலை நீட்டுவார்கள், அவன் காற்றில் ரிப்பன் வெட்டுவான். ஒரு தடவை அந்த ஜெனரல் சற்குணம். கர்னல் சாப்பே சல்யூட் அடித்தார், அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, அதுதான் பட்டாளம். மத்தியானம் ஜெனரல் திரும்ப லாயத்துக்குப் போய்க் கோவேறு கழுதைகளின் லத்தியை அள்ளினார். யோசித்துப் பார்த்தால் அவர் வாங்கிய பெரிய சல்யூட் எல்லாம் ரிகர்சலில் வாங்கியவைதான். இதுவும் அப்படியே ஆகிவிடுமோ, ரிகர்சல்தான் நிஜமாகி, நிஜம் என்று ஒன்று வராமலே போய்விடுமோ என்று ஒரு நினைப்பு நழுவி வந்தது. வராமல் போனால் நல்லதுதானே, நிஜம் என்றால் சாவல்லவா, ஆனால் அதைச் சொல்லவில்லை, நான் சொல்ல வந்தது வேறே, என்ன சொல்ல வந்தேன், ஆ, முடிச்சு.

ரிகர்சல் இல்லாமல் செத்தவர் சுபேதார் லாசர். இதே சேத்துக்குப்பம் மிலிட்டரி லைன், இதே தெருவில் கோடி வீடு. நல்ல மனுஷன், ஆனால் முன்யோசனை கிடையாது, அடைமழையில் செத்தார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து மலர்வளையம் குழி மூடிய பிறகு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் யாரோ அதைப் பம்பு செட்டு மேல் வைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. பெட்டியின் மேலிருந்த கொடியை எடுக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கினார்கள். கொடி மண்ணுக்குள் போகலாமா? போகக் கூடாது. "கொடிய எடுங்கடா பாவிங்களா" என்று ஓடிய சற்குணம் சேற்றில் சறுக்கி, நேராகப் போய் லாசர் பெட்டியின் மேல் நின்றார். கொடியை மீட்டுவிட்டார். அவரை மீட்கத்தான் கயிறு தேவைப்பட்டது. மேலே நின்ற சர்ச் ஐயர் பைபிளை மூடிவைத்துவிட்டுக் கை கொடுத்தார். ஹவில்தாருக்கு என்ன அவசரம், லாசர் கூடவே போகப் பார்த்தாரே என்று இன்றைக்கும் சர்ச் வாசலில் பேசுகிறார்கள். அன்றைக்கே முடிவு செய்தார், தன் விஷயம் இப்படி நடக்காது. நடக்க விடக் கூடாது. ஆனால் தன் விஷயம் நடக்கும்போது தான் இருக்கப் போவதில்லை என்பதுதான் இதில் இருக்கிற ஒரே கோளாறு.

"பாக்கியநாதா, நீ இப்ப மேஜரு. மேஜரு வாயில வெத்தல போட்டுக்குனு வரமாட்டாரு. போய்த் துப்பிட்டு வா." ஏழுமலையின் குரல். ஏழுமலை நாயக் ரேங்கில் ரிட்டயர் ஆகி டீக்கடை வைத்திருப்பவன், ஒழுங்கு தெரிந்தவன், அதனால் இன்றைக்குப் பொறுப்பு அவனிடம். பாக்கியநாதன் சற்குணத்தின் மனைவி சுகிர்தத்தின் தம்பி, மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஒழுங்கு என்ற சொல்லையே மைக்கில்தான் கேட்டிருப்பான். ஆள் கிடைக்காமல் அவனை மேஜராக்க வேண்டியதாயிற்று. "மேஜரு எந்த ஊருக்காரருன்னு சொல்லு, அதுக்குத் தக்கமாதிரி பேசறேன்." "மேஜரு பேசமாட்டாருயா. வளையத்த வச்சி சல்யூட் அடிச்சிட்டு போய்க்கினே இருப்பாரு." "அவ்ளோதானா? இதுக்கா என் கல்யாணப் பேண்ட்ட போட்டுக்குனு வந்தேன்? மூச்சு விட முடியல." வளையம் என்று அவன் கொண்டுவந்திருப்பது சைக்கிள் டயர். கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, ரப்பர் வாசனை. நாலு செம்பருத்தியை வேறு செருகியிருப்பதாக வாசலில் யாரிடமோ பெருமை பேசிக்கொண்டு வந்தான். பூட்ஸ் இல்லாத மேஜர் சரக் சரக்கென்று செருப்பை இழுத்துக்கொண்டு நடந்து வருவது கேட்டது. நின்றான். குனிந்தான். நெஞ்சின் மேல் தொம்மென்று டயர் விழுந்தது. "யோவ், நெஞ்சு மேல வைக்காதய்யா, கால்மாட்டுல வையி! அவருக்கு ஆர்ட்டு ப்ராப்ளம்." "அதான் செத்துட்டாரே, இனிமே இன்னா ப்ராப்ளம்?" சிரிப்பு வந்தது. பிணம் சிரிக்கக் கூடாது என்று உத்தரவில் போட மறந்துவிட்டோம், ஆனாலும் சிரிக்கக் கூடாது, வயிற்றை இறுக்கிக்கொண்டார், இறுக்கியதும் டயர் மேலும் கீழும் ஆடியது. "மாமா சாவு ரொம்ப உயிரோட்டமா இருக்குதுபா," என்றான் மேஜர்.

நெஞ்சு. டயரை எடுத்துவிட்டார்கள், ஆனால் அது இருந்த வட்டம் அப்படியே நெஞ்சில் நின்றது. அந்த வட்டத்துக்குள்தான் திங்கட்கிழமை கத்தி வைக்கப் போகிறார்கள். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், மீசைகூட முளைக்காத பையன் மாதிரி இருந்தார், காகிதத்தில் ஒரு மாங்காய் வரைந்து இதுதான் உங்கள் இதயம் என்றார், மாங்காயின் மேல் மூன்று கோடு போட்டு இங்கே அடைப்பு, இங்கே அடைப்பு என்றார், அப்புறம் சாதாரணமாக, பஸ் ஆரணியில் நிற்கும் என்கிற மாதிரி, கொஞ்ச நேரம் இதயத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட வைப்போம் என்றார். நிறுத்திவிட்டு. நிறுத்தியிருக்கிற நேரத்தில் நான் யார்? உயிரோடு இருக்கிறவனா, செத்தவனா? செத்தவன் என்றால் அதுவும் ஒரு ரிகர்சல்தான், நாடாக் கட்டிலில் இல்லாமல் நிஜ இதயத்தோடு. மறுபடி ஓடாவிட்டால்? கிக்கரை உதைத்து உதைத்துப் பார்த்தும் ஓடாத பாக்கியநாதன் ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டுபோய் மேட்டிலிருந்து இறக்கிவிட்டால் ஓடும். என்னை எந்த மேட்டிலிருந்து இறக்குவார்கள்? அதைவிட மோசம், மயக்க மருந்து கொடுத்தால் சில பேர் உளறுவார்களாம். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார், அவர் சித்தப்பா நர்ஸிடம் நிலத்தகராறு முழுவதையும் சொல்லிவிட்டாராம். சற்குணத்துக்கு நிலத்தகராறு இல்லை. அவரிடம் இருப்பது ஒரு கோவேறு கழுதை. மலைமேல், பனிக்குள், மூட்டை சுமக்கும் கழுதை ஒன்று, குளம்பில் நம்பர் சுட்டிருக்கும், அதுதான் ரெக்கார்டில் அதற்குப் பெயர். ஆனால் நம்பரைச் சொல்லி எப்படிக் கொஞ்சுவது? வீட்டுக் கடிதம் வருவதற்குள் பனியே உருகிவிடும் இடம் அது. ஒருநாள் தெரியாமல் வாயில் வந்துவிட்டது, "நட சுகிர்தம்." அது காதைத் திருப்பிப் பார்த்தது. அப்புறம் அதுதான் சுகிர்தம். வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக்கூட அதற்குப் படித்துக் காட்டினார், நல்ல மனதோடு கேட்டது, நடுநடுவே தும்மும். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை மேசைமேல் படுத்துக்கொண்டு, "சுகிர்தம், லத்தி போட்டது போதும், மேட்டுல ஏறு" என்று உளறினால் வெளியே உட்கார்ந்திருக்கிறவள் காதில் விழுமா? கதவு கனமான கதவுதான். போனபோது தட்டிப் பார்த்தார்.

"என்னை எப்பக் கூப்புடுவீங்க? கொழம்பு அடி புடிக்குது." அடுப்படியிலிருந்து மனுஷி சுகிர்தம். நெத்திலிக் கருவாடு. சாவு வீட்டில் அடுப்பு எரிவதா, அதுவும் கருவாடா என்று காலையில் கேட்டார். "அப்ப ரிகர்சலுக்கு வர்றவங்களுக்கு சோறு உங்க மேஜரா போடுவாரு?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் புளியைக் கரைத்தாள். அவருக்கு உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கருவாடு வாசனை மட்டும்தான். பிணத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. விழுங்கினால் தொண்டைக்குழி ஆடும், ஏழுமலை பார்ப்பான், விழுங்காமல் வைத்துக்கொண்டார். "இருங்க அண்ணி, உங்க கட்டம் இன்னும் வரல. இப்ப பிகில்." ஏழுமலை வாயாலேயே பட்டாளத்து ஊதுகொம்பு மாதிரி பிகில் ஊதினான். துக்கமான ராகம்தான், ஆனால் அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை, காற்றும் எச்சிலும் பிணத்தின் நெற்றியில் தெளித்தன. மரியாதை என்பது இதுதான், பன்னீர் மாதிரி. அடுத்தது இரண்டு நிமிஷம் மௌனம். மின்விசிறி மட்டும் கிறீச், கிறீச். அதற்கும் அடுத்தது எது என்று அவருக்குத் தெரியும், அதைத்தான் இவ்வளவு நேரமாக முடிச்சு, கழுதை, கருவாடு என்று சுற்றிச் சுற்றிக்கொண்டு போய், அதன் மேல் காலை வைக்காமல் தாண்டிக்கொண்டிருந்தார். அடுத்தது வேட்டு.

போன வாரம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு நல அலுவலகத்துக்குப் போன் போட்டார். சின்னப் பெண்ணின் குரல், மரியாதையான குரல். "முன்னாள் படைவீரர் இறப்பு சம்பந்தமாங்கய்யா?" "ஆமாம்மா." "இறந்தவர் பேரு, ரேங்க் சொல்லுங்கய்யா." சொன்னார். "நீங்க அவருக்கு என்ன உறவுங்கய்யா?" இதற்கு என்ன பதில் சொல்வது? கொஞ்சம் யோசித்து, "நான்தாம்மா அவரு" என்றார். அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "திங்கக்கிழம ஆபரேசன். முன்கூட்டியே கேட்டு வச்சிக்கலாம்னு." அந்தப் பெண் பதறாமல், பொறுமையாகச் சொன்னாள். ஈமச்சடங்குக்கு உதவித்தொகை உண்டு, வீட்டம்மா பெயரில் விண்ணப்பிக்க வேண்டும், உடனே தகவல் சொன்னால், ஆள் இருந்தால், மலர்வளையம் வரும். "துப்பாக்கிம்மா? இருபத்தொரு குண்டு?" "அது வீரமரணம் அடையறவங்களுக்குங்கய்யா. நீங்க ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், கடித்தது போனிலேயே கேட்டது. "நல்லபடியா முடிஞ்சி வருவீங்கய்யா. ஏதாவதுன்னா மறுபடி கூப்பிடுங்க." "நானா?" "வீட்ல... யாராவது." வைத்துவிட்டாள். தொட்டி நிரம்பி வழிந்து சட்டை நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. குண்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. சர்வீஸில் அவர் காதால் கேட்ட ஒரே மரியாதை வேட்டு அந்தக் கழுதைக்குத்தான். மண்சரிவில் கால் முறிந்து கிடந்தது. கேப்டன் சாப் வந்தார், பார்த்தார், துப்பாக்கியை வாங்கினார். சற்குணம் அதன் கண்ணைக் கையால் மூடினார். ஒரே வேட்டு. கூட நின்றவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள். சுகிர்தத்துக்கு ஒன்று. எனக்கு இருபத்தொன்று வேண்டாம், ஒன்றாவது.

தனக்காகவா கேட்கிறார்? தான் எங்கே கேட்கப் போகிறோம், பெட்டிக்குள் இருக்கிறவனுக்கு வேட்டு என்ன, வெங்காய வெடி என்ன. எல்லாம் அந்தக் கல்யாண நாளில் ஆரம்பித்தது. பெண் வீட்டில் சுகிர்தத்தின் அத்தை, எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பட்டாளத்தான்னு சொன்னாங்க, கழுத மேய்க்கிறவனாமே" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். புதுப்பெண் அன்று முழுக்க முகத்தைத் தூக்கவில்லை. ராத்திரி அழுதாள். சமாதானம் செய்யத் தெரியாத வயசு, வாயில் வந்தது. "நான் சாவற அன்னிக்குப் பாரு, சிப்பாய்ங்க வரிசையா நின்னு இருபத்தொரு குண்டு போடுவாங்க. உங்க அத்த காது செவிடாயிரும்." முதலிரவில் சொல்கிற பேச்சா அது? ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவா?" என்றாள். நெசம்தான் என்று அவரும் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். அத்தை அதற்கப்புறம் வேட்டே கேட்காமல் தானாகச் செவிடாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுகிர்தம் மட்டும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் மலையில் இருக்க இவள் இங்கே தனியாகப் பிள்ளை பெற்று, தனியாக ஓடு மாற்றி, தண்ணிக் குழாயில் சண்டை வந்தால், "எங்க வீட்டுக்காரர் செத்தா குண்டு போடுவாங்க, உன் வீட்டுக்காரன் செத்தா நாய்கூடக் கொலைக்காது" என்று சொல்லிச் சொல்லி, சர்ச் பெண்கள் சங்கம் முழுக்கப் பரப்பி, அந்தச் சத்தத்தைச் சர்ச் மணிக்கூண்டுக் கண்ணாடி தாங்குமா என்று ஐயரிடமே கேட்டுவைத்திருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது? இந்த வாரம் முழுக்க வாயைத் திறந்தார், மூடினார். தண்ணி வேணுமா என்று கேட்டாள். ஆமாம் என்று குடித்தார். வாரம் முழுக்க வயிறு முட்டத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். சொல்லாமல் திங்கட்கிழமை போய்விட்டால், அந்த மாங்காய் மறுபடி ஓடாவிட்டால், கல்லறைத் தோட்டத்தில் அவள் நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். ஐயர் ஜெபத்தை முடித்துவிடுவார், மண் தள்ளிவிடுவார்கள், சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், இவள் மட்டும் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. மூக்கு அரிப்பு நின்றுபோயிருந்தது. அரித்தாலாவது பரவாயில்லை போலிருந்தது.

"அண்ணி, வாங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் வரும் சத்தம். "எங்க நிக்கணும்?" "கால்மாட்டுல, வெறப்பா. மேஜரு கொடிய மடிச்சிக் குடுப்பாரு, ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட அணைச்சிக்கணும்." "கையெல்லாம் கருவாடு." "போர்வதானே அண்ணி." "தொவச்ச போர்வ, தம்பி." மறுபடி முந்தானையில் கை துடைக்கிற சத்தம். "அழணுமா?" "அது உங்க இஷ்டம்." "அப்ப இன்னிக்கு வேணாம். வீணா அழுது வச்சிக்கினா அது நிக்காது, தேடிக்கினு வரும்." குரல் கொஞ்சம் கம்மியது போல் இருந்தது, அல்லது மின்விசிறியா? சற்குணம் இமையை நூலளவு திறந்தார். ரோஜாப்பூ கால் பக்கமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது, பாக்கியநாதன் அதைப் பரோட்டா மடிக்கிற மாதிரி மடித்துக்கொண்டிருந்தான். அவள் நேராக, நிஜமாகவே விறைப்பாக நின்றாள். இவ்வளவு நேராக அவள் நின்று அவர் பார்த்ததில்லை. "இப்பத்தான சுடுவாங்க?" என்று கேட்டாள். "எங்க நின்னு சுடுவாங்க, ஏழுமலை? முருங்க மரத்தாண்டயா? எத்தினி பேரு?" ஏழுமலைக்கு விஷயம் தெரியும், அவனும் பட்டாளம். அவன் கூரையைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், கடைசியில் பிணத்தைப் பார்த்தான். "அது... நெலமயப் பொறுத்து, அண்ணி." "நெலமன்னா?" "அக்கா, நான் ரெண்டு தகர டப்பா கொண்டாந்துக்கீறேன்," என்றான் பாக்கியநாதன். "ஒண்ணோட ஒண்ணு அடிச்சா அசல் துப்பாக்கி மாதிரியே கேக்கும். நீ காத மூடிக்கோ, பயந்துருவ." "இரு இரு," என்று சுகிர்தம் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குள் நன்றாகச் செருகி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதட்டைக்கூடக் கடித்துக்கொண்டாள். "ம், சுடுங்க." அப்படியே நின்றாள். ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு அல்ல, இப்படித்தான் நிற்பாள், கண்ணை மூடிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, நரைத்த தலை லேசாக நடுங்க, வரப்போகிற சத்தத்துக்குத் தயாராக. வராத சத்தத்துக்கு.

"சுகிர்தம், சுட மாட்டாங்க," என்றது பிணம். அவளுக்குக் கேட்கவில்லை. விரல் அவ்வளவு ஆழமாக இருந்தது. "ஏய் சுகிர்தம், சுட மாட்டாங்க!" ஏழுமலை, "அண்ணே, பொணம் பேசக் கூடாதுன்னு நீதான" என்று ஏதோ சொன்னான். பாக்கியநாதன் அதற்குள் டப்பாவை ஓங்கிவிட்டான். சற்குணம் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் வேகமாக எழக் கூடாது என்று சொன்னதெல்லாம் ஞாபகம் இல்லை, லாசர் குழிக்கு ஓடும்போது கத்திய அதே தொண்டையில், "குண்டு கிடையாதுடீ! எனக்கு யாரும் சுட மாட்டாங்க! ஒண்ணுகூட!" என்று கத்தினார். மிலிட்டரி லைன் முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் ரேடியோவை யாரோ அணைத்தார்கள். சுகிர்தம் கண்ணைத் திறந்தாள், கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் பிணத்தைப் பார்த்தாள், ஒரு விரலை மட்டும் காதிலிருந்து எடுத்தாள். "இன்னா?"

சொன்னார். தண்ணீர்த் தொட்டி, அந்தப் பெண், நாற்காலி கிறீச்சிட்டது, எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல, திறந்த வாய் மூடவில்லை, அந்தக் கழுதை விஷயம்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நல்லவேளை, ஒரு மத்தியானத்துக்கு ஒரு உண்மை போதும் என்று விழுங்கினார். அவள் இரண்டாவது விரலையும் எடுத்தாள். "யாருக்கும் கெடையாதா, உங்களுக்கு மட்டும் கெடையாதா?" "அங்கயே, சண்டையில செத்தவங்களுக்கு உண்டு." "அப்ப நீங்க அங்கயே செத்திருந்தா சுட்டிருப்பாங்க." "சுட்டிருப்பாங்க." அவள் கக்கத்துப் போர்வையைப் பார்த்தாள், மடிப்பு எல்லாம் கலைந்திருந்தது. உதறினாள். தானே நேராக நான்காக மடித்தாள், முடிச்சை அவிழ்த்தாள். "அதுக்கு இது தேவல," என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, ஏழுமலை கணக்குப்படி அன்றைய மௌன அஞ்சலியில் ஒழுங்காக நடந்தது அந்த ஒன்றுதான். அப்புறம் சற்குணம் மெதுவாக, "சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கியே" என்றார். "சொன்ன வாயி எங்கிட்டதான கீது? அத நான் பாத்துக்கறேன். எந்திரிச்சி மூஞ்சி கழுவுங்க, செத்தவரு மாதிரி உக்காந்துக்கினு." அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, "பாக்கியநாதா, அந்த டப்பா என்னுது, வச்சிட்டுப் போ" என்றாள்.

ஏழுமலை அண்ணன் இதோடு முடித்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, கேட்ட கதையை அப்படியே எழுதப் பயம். கொஞ்ச மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்துக்குப்பம் சர்ச்சுக்குப் போய், ஆராதனை முடிந்ததும் சங்கத்துப் பெண்களிடம் விசாரித்தேன். ஹவில்தார் சாவுக்கு இருபத்தொரு குண்டு போடப் பட்டாளம் ஒத்துக்கொண்டதும், பச்சைப் பிள்ளைகள் தூங்குகிற தெரு, சத்தம் ஆகாது என்று சுகிர்தம்மாதான் வேண்டாமென்று மறுத்துவிட்டதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. பொருளாளர் அம்மா, சிப்பாய்களோடு இரண்டு லாரி ஆரணி ரோடு வரைக்கும் வந்து திரும்பிப் போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது எங்களுக்கு முன்வரிசையில், நெஞ்சுத் தழும்பின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு சற்குணம் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்த்து, "மூணு லாரி" என்றார்.